பழைய பேஸ்பால் படத்தில் நிற்பவர் யார்? பெயர் தெரியாத ஆட்டக்காரரை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

பெயர் இல்லாத ஒரு பழைய பேஸ்பால் படம் கிடைத்ததும் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். "இவர் இன்னார் சாயலில் இருக்கிறாரே" என்ற எண்ணம் ஒரு முறை விழுந்துவிட்டால், அப்புறம் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். தவறான அடையாளங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. 1880களின் அமெரிக்க ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒரே மாதிரி அடர்ந்த மீசை, ஒரே மாதிரி வகிடு, ஒரே மாதிரி விறைப்பு. அவர்களில் யார் வேண்டுமானாலும் யார் சாயலிலும் இருப்பார்கள்.

அதனால் இங்கே முகம் கடைசியில்தான் வரும். படம் எதன்மேல் பதிந்திருக்கிறது, எந்த ஆண்டுகளுக்குள் எடுத்தது, எந்த அணி, எந்த ஊர் என்று முதலில் வட்டத்தைச் சுருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் வரக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியல் தயாரான பிறகே முகங்களை ஒப்பிட வேண்டும். பட்டியலில் 15 பேர் இருந்தால் ஒப்பீடு பயன்படும். பட்டியலே இல்லாமல் பேஸ்பால் ஆடிய அத்தனை பேரையும் மனதில் வைத்து ஒப்பிட்டால், எவருக்காவது பொருந்தத்தான் செய்யும்.

படம் எதன்மேல் இருக்கிறது?

கையில் இருப்பது அசல் பொருளா, ஸ்கேன் மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். அசல் என்றால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

வெள்ளி பூசிய செப்புத் தகட்டில், கண்ணாடி போல முகம் தெரியும்படி பளபளப்பது டேகுரோடைப். 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1840களும் 1850களும் அதன் காலம். கண்ணாடித் தகட்டில், பின்னால் கறுப்புப் பூச்சோ துணியோ வைத்தது ஆம்ப்ரோடைப். 1850களின் நடுவில் தொடங்கி 1860களின் தொடக்கத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மெல்லிய இரும்புத் தகட்டில் இருப்பது டின்டைப். சிறு காந்தத்தை உறையின் பின்புறம் வைத்தால் ஒட்டும். இதன் காப்புரிமை 1856-இல் வந்தது, ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கண்காட்சிகளிலும் கடற்கரைகளிலும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எனவே "டின்டைப், ஆகவே 1860கள்" என்று சொல்வது பெரும் பிழை.

காகிதப் படங்களில் கார்ட் டி விசிட் என்ற சிறு அட்டைப்படம் சுமார் 6.4 × 10 செ.மீ. இருக்கும்; 1860களில் அமெரிக்காவெங்கும் பரவியது. அட்டையின் மூலைகள் கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் 1870-க்கு முன், வட்டமாக வெட்டியிருந்தால் பின். பின்புறம் வரி கட்டியதற்கான வருவாய் முத்திரை வில்லை ஒட்டியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. புகைப்படங்கள்மீது அந்த வரி 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே இருந்தது. முத்திரைமேல் தேதி எழுதி அடித்திருந்தால் அதை உருப்பெருக்கியில் வாசியுங்கள். 10.8 × 16.5 செ.மீ. அளவுள்ள கேபினெட் கார்டு 1860களின் பிற்பகுதியில் வந்து 1900-ஐ ஒட்டி மங்கியது. பொன் விளிம்பும் அடர் நிற அட்டையும் 1880களை நோக்கிக் கை காட்டும்.

அஞ்சலட்டை வடிவில் இருந்தால் பின்புறத்தைத் திருப்புங்கள். செய்தி எழுத ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என நடுவே கோடு இருந்தால் அது 1907 மார்ச் 1-க்குப் பின் அச்சானது. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் 'அசோ' (AZO) என்ற புகைப்படக் காகிதத்தின் பெயர் இருந்து நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918-க்குப் பின். ஆனால் இது காகிதத்தின் வயதுதான். பழைய நெகட்டிவை வைத்துப் பத்தாண்டு கழித்தும் புதுக் காகிதத்தில் அச்சிட முடியும். எனவே காகிதத்தின் தேதியிலிருந்து "இதற்கு முன் இந்தப் பிரதி அச்சாகவில்லை" என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் ஸ்டுடியோவின் பெயரும் தெரு முகவரியும் இருந்தால் அந்த ஊரின் நகர முகவரிப் புத்தகங்களை ஆண்டு வாரியாகப் புரட்டுங்கள். ஸ்டுடியோக்கள் அடிக்கடி இடம் மாறின. ஒரு முகவரி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் பொருந்துவது சாதாரணம். இவ்வளவு மலிவாக இவ்வளவு துல்லியம் வேறெதிலும் கிடைக்காது, ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

இடம் வலமா, வலம் இடமா?

டேகுரோடைப்பும் டின்டைப்பும் கேமராவுக்குள் இருந்த தகடே படமாவதால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் தெரியும். ஆம்ப்ரோடைப்பும் பெரும்பாலும் அப்படித்தான். கண்ணாடி நெகட்டிவை மறுபக்கமாக வைத்து ஸ்கேன் செய்தாலும் இதே கதை. இதைக் கவனிக்காமல் "இவர் இடது கைக்காரர்" என்று தொடங்கினால் எல்லாமே தலைகீழாகப் போகும்.

சோதிக்க எளிய வழி சட்டைப் பொத்தான். ஆண்கள் சட்டையில் அணிபவரின் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கத்தை மூடும். படத்தில் அது மாறியிருந்தால் படம் புரண்டிருக்கிறது. மார்பில் எழுத்து இருந்தால் கேள்வியே இல்லை, ஆனால் A, H, M, O, T போன்ற ஆங்கில எழுத்துகள் புரட்டினாலும் மாறாது என்பதை மறக்க வேண்டாம். திருத்திய பிரதியை வேறு பெயரில் சேமித்து, அசலைத் தொடாமல் வையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது காகித அட்டைப்படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), டின்டைப்புக்கும் சிறு முகங்கள் உள்ள குழுப்படத்துக்கும் 1,200 டிபிஐ வையுங்கள். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கம் காதின் மடிப்புகளை முதலில் தின்றுவிடும், நமக்கோ கடைசியில் தேவைப்படப்போவது அந்தக் காதுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படம் என்றால் திரையில் தெரியும் சிறு பிரதியோடு நிற்காமல் பெரிய டிஃப் கோப்பையே இறக்குங்கள்.

கறுப்பு வெள்ளை சொல்லும் பொய்

ஈரக் கொலோடியன் என்ற ரசாயனப் பூச்சு காயும்முன் படமெடுத்த பழைய தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. அதற்குப் பின் வந்த தகடுகளிலும் பிலிம்களிலும் பெரும்பாலானவை 1920கள் வரை சிவப்பை உணரவில்லை. விளைவு: சிவப்புக் காலுறை கறுப்பாக விழும், வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். சின்சினாட்டி அணியின் புகழ்பெற்ற சிவப்புக் காலுறைகள் பழைய படங்களில் கரி போலத் தெரிவது இதனால்தான். மார்பு எழுத்து தெரியவே இல்லை என்றால், அது வெள்ளைச் சட்டைமேல் வெளிர் நீல எழுத்தாக இருக்கலாம்.

ஆளுக்கும் இது பொருந்தும். நீலக் கண்கள் ஏறக்குறைய வெண்மையாக, அச்சமூட்டும் அளவுக்கு வெளிறித் தெரியும். செம்பட்டை முடி கறுப்பாகும். முகத்தின் மென்புள்ளிகள் பெருகித் தெரியும். "படத்தில் முடி கறுப்பு, ஆவணத்தில் செம்பட்டை, ஆகவே இவர் அவர் இல்லை" என்று ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். கண் மிக வெளிறியிருந்தால் அது நீலமோ சாம்பலோ என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சீருடையும் கருவியும்

ஒரு பொருள் எப்போது தோன்றியது என்பது உறுதியான எல்லை தரும். எப்போது மறைந்தது என்பது தராது. ஊர் அணிகளும் கல்லூரி அணிகளும் பெரிய லீக் (உச்சநிலைத் தொழில்முறை ஆட்டப்பிரிவு) அணிகள் கழித்த சீருடையைப் பத்தாண்டு வரைகூட அணிந்தன. ஆகவே கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் "இதற்கு முன் இருக்க முடியாது" என்ற கோணத்திலேயே பயன்படுத்துங்கள்.

முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும் நீண்ட காலுறையும் 1868-இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியோடு வந்தவை. அதற்கு முன் எல்லோருக்கும் நீளக் கால்சட்டைதான். மார்பில் கேடயம் போலப் பொத்தானிட்ட துணியும் அதில் ஒற்றை எழுத்தும் இருப்பது 1850களின் இறுதியிலிருந்து 1870கள் வரையிலான பாணி. கயிறு கோத்துக் கட்டும் கழுத்து 1880களில் பரவலானது. மடித்த காலர் இல்லாத சட்டையை 1906-இல் ஜான் மெக்ரா தன் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குக் கொண்டுவந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் நிமிர்ந்து நிற்கும் குட்டைக் காலர் பல அணிகளில் வந்தது, 1910களின் நடுவில் மடித்த காலர் அரிதாகிவிட்டது. நியூயார்க் யாங்கீஸ் மெல்லிய கோடு போட்ட சீருடையை 1912-இல் அணிந்து, விட்டுவிட்டு, 1915 முதல் நிரந்தரமாக்கியது.

முதுகு எண்ணை நம்பி யாரும் தேட வேண்டாம். கிளீவ்லாந்து 1916-இல் சட்டைக் கையில் எண் போட்டுப் பார்த்தது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1923-இல் முயன்றது. முதுகில் நிலையான எண் 1929-இல் யாங்கீஸ், கிளீவ்லாந்து அணிகளோடுதான் தொடங்கியது. சட்டைக் கையில் 1876, 1925 என்ற ஆண்டுகளுடன் வட்டச் சின்னம் இருந்தால் அது 1925-இல், இரண்டு பெரிய லீக்குகளில் மூத்ததான நேஷனல் லீக்கின் பொன்விழாவுக்காகத் தைத்தது. ஆண்டு கையில் கிடைத்த மாதிரி.

1882 ஒரு விசித்திரமான ஆண்டு. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஆட்ட இடத்துக்கு ஒரு நிறம் என்று சட்டை கொடுத்தார்கள். பந்து வீசும் பிட்சருக்கு ஒன்று, மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சருக்கு ஒன்று, அணியைக் காட்டக் காலுறை மட்டும். ஒரே அணிப்படத்தில் சிலருக்குக் கோடு போட்ட சட்டை, சிலருக்கு வெற்று நிறம், காலுறை மட்டும் ஒன்று என்று இருந்தால் இந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்தில் சட்டையே ஒருவர் எங்கே ஆடினார் என்று சொல்லும். ஆட்டக்காரர்கள் வெறுத்ததால் பருவம் முடியும் முன்பே இது கைவிடப்பட்டது.

கருவிகளில் கேட்ச்சரின் கம்பி முகமூடி 1877-இல் ஹார்வர்டின் ஃபிரெட் தேயர் உருவாக்கியது. மார்புக் கவசம் 1880களின் நடுவில் பரவியது. வெளிப்படையாகக் கணைக்கால் கவசம் கட்டியவர் 1907-இல் ரோஜர் பிரெஸ்னஹன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தோல் வார்களால் பின்னிய வலை உள்ள கையுறை 1920-ஐ ஒட்டிப் பிட்சர் பில் டோக்கின் யோசனையில் சந்தைக்கு வந்தது. ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய மட்டையை நேஷனல் லீக் விதிகள் 1885 முதல் 1893-க்கு முன்வரை அனுமதித்தன. ஹோம் பிளேட் (மட்டையாளர் அருகே தரையில் பதித்த தகடு) ஐங்கோணமாக இருந்தால் 1900 அல்லது அதற்குப் பின். சாய்த்து வைத்த சதுரமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்.

சட்டையில் ஒற்றை 'பி' எழுத்தைக் கண்டதும் பாஸ்டன் என்று சொல்ல ஆசை வரும். புரூக்ளின், பால்டிமோர், பஃபலோ எல்லாமே 'பி'தான், அதே எழுத்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களும் உண்டு. பெயர் தெரியாத பழைய அணிப்படங்களில் மிகப் பெரும்பாலானவை ஊர் அணிகள், ஆலை அணிகள், கல்லூரி அணிகள். விற்பவருக்கு அது பெரிய லீக் படமாக இருந்தால் லாபம், பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. அந்த இரண்டும் சாட்சியாகாது. எழுத்தின் வடிவம், தையலின் இடம், தொப்பியின் கோடுகள், பெல்ட்டின் நிறம் என நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். 1900-க்குப் பிந்தைய பெரிய லீக் சீருடைகளுக்கு, ஆண்டு வாரியாக வரைந்த தொகுப்பு கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமின் தளத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுச் சீருடைகளுக்கு 'த்ரெட்ஸ் ஆஃப் அவர் கேம்' என்ற தளம் அன்றைய செய்தித்தாள் குறிப்புகளோடு உதவும்.

பின்னால் தெரியும் மைதானம்

ஆட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் தூணும் கூரையும் சில நேரம் முகத்தைவிட அதிகம் பேசும். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் 1911 ஏப்ரல் 14 அதிகாலையில் எரிந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் இரும்பும் கான்கிரீட்டுமாகத் திரும்ப எழுந்தது. மரத் தூண் என்றால் தீக்கு முன், கான்கிரீட் என்றால் பின். யாங்கீஸ் 1903 முதல் 1912 வரை ஹில்டாப் பார்க்கில் ஆடி, 1913 முதல் 1922 வரை போலோ கிரவுண்ட்ஸில் வாடகைக்கு இருந்தது. பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கும் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் 1909-இல் திறந்தவை. பாஸ்டனின் ஃபென்வேயும் டெட்ராய்ட்டின் நேவின் ஃபீல்டும் 1912 ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் ஆட்டம் கண்டவை. கோபுர முனைகளோடு கோட்டை போலத் தெரியும் பாஸ்டனின் சவுத் எண்ட் கிரவுண்ட்ஸ் அரங்கு 1888-இல் கட்டி, 1894 மே மாதத் தீயில் போனது.

சுவர் விளம்பரங்களை எழுத்து எழுத்தாக வாசியுங்கள். உள்ளூர்க் கடையின் பெயர் ஊரைச் சொல்லும். சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் மைதானத்தின் திசையும் அருகிலுள்ள கட்டடங்களும் இருக்கும், நிழலின் திசையோடு அவற்றை ஒப்பிடலாம்.

மைதானம் தெரியாமல் பைன் மரமும் கம்பி வேலியும் மட்டும் இருந்தால் வசந்தகாலப் பயிற்சி முகாமாக இருக்கக்கூடும். ஜயன்ட்ஸ் 1908 முதல் 1918 வரை டெக்சஸ் மாநிலத்தின் மார்லினில் பயிற்சி செய்தது. யாங்கீஸ் 1913-இல் பெர்முடா வரை போனது. இது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் தெரியும்.

பெயர்ப் பட்டியல் போடுதல்

ஆண்டும் அணியும் கிடைத்ததும் பேஸ்பால் ரெஃபரன்ஸ், ரெட்ரோஷீட் தளங்களில் அந்த அணியின் அந்த ஆண்டுப் பட்டியலை எடுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பின அணிகளுக்கு சீம்ஹெட்ஸ் தரவுத்தளமும், 'இண்டியானாபொலிஸ் ஃப்ரீமன்', 'சிகாகோ டிஃபெண்டர்' இதழ்களும் முதல் இடம்.

அந்தப் பட்டியல் முழுமையாகாது. அதில் இருப்பவர்கள் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் களம் இறங்கியவர்கள் மட்டுமே. மார்ச் மாதப் படத்தில் நிற்பவர் முகாமுக்கு வந்து, இரண்டு வாரம் பந்து வீசி, ஒரு ஆட்டமும் ஆடாமல் சிறிய லீக்குக்கு அனுப்பப்பட்ட இளைஞராக இருக்கலாம். அப்படிப்பட்டவரை அதிகாரப்பூர்வப் பட்டியலுக்குள் தேடினால் "ஓரளவு ஒத்திருக்கும்" வேறொருவர் தலையில் பெயரைக் கட்டிவிடுவோம். இவர்களைப் பிடிக்க 'ஸ்போர்டிங் லைஃப்' (1883 முதல்), 'தி ஸ்போர்டிங் நியூஸ்' (1886 முதல்) இதழ்களின் பிப்ரவரி, மார்ச் பக்கங்களை வாசிக்க வேண்டும். முகாமுக்கு யார் யார் ரயிலேறினார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருப்பார்கள். பயிற்சியாளர், மட்டைப் பையன், உடல் பிடித்துவிடுபவர், கிளப் செயலர் என்று எல்லோரையும் பட்டியலில் சேருங்கள். சீருடை அணிந்த எல்லோரும் ஆட்டக்காரர்கள் இல்லை.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பிறந்த ஆண்டு, உயரம், எடை, வீசும் கை, அணியில் இருந்த மாதங்கள் என்று எழுதுங்கள். கையுறை இடக்கையில் இருந்தால் வலக்கை வீச்சாளர். படம் புரளவில்லை என்று உறுதியானால் இது ஒன்றே பட்டியலைக் கணிசமாகக் குறைக்கும். மட்டை பிடிக்கும் பக்கத்தை அவ்வளவு நம்ப வேண்டாம். படம் எடுப்பவருக்காக மாறி நிற்பார்கள், இருபக்கமும் அடிப்பவர்களும் உண்டு. உயரத்தை ஒரே வரிசையில் பாதங்கள் தெரிய நிற்பவர்களிடையே மட்டும் ஒப்பிடுங்கள், அதிலும் இரண்டு அங்குல வித்தியாசத்தை வைத்து எவரையும் நீக்காதீர்கள்.

படத்தின் மேல் எழுதிய பெயர்

பெயர் எழுதியிருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் அங்கேதான் புது வேலை தொடங்குகிறது. பின்புறம் பென்சிலில் எழுதியது பேரப்பிள்ளைகளின் நினைவாக இருக்கலாம், கடைக்காரரின் ஊகமாகவும் இருக்கலாம்.

1898-இல் தொடங்கிய பெய்ன் செய்தி நிறுவனத்தின் சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் பேஸ்பால் படங்கள் ஏராளம். பல நெகட்டிவ்களில் குடும்பப் பெயர் மட்டும், அதுவும் காதில் விழுந்தபடி, கையால் எழுதப்பட்டிருக்கிறது. அச்சிட்ட அட்டைகளும் தப்பவில்லை. 1909-ஐ ஒட்டி வந்த புகழ்பெற்ற டி206 சிகரெட் அட்டைத் தொகுப்பில் பிட்சர் ஜோ டாயிலின் அட்டையில் நியூயார்க் நேஷனல் லீக் என்று அச்சிட்டுவிட்டார்கள். அவர் ஆடியதோ மற்றொரு பெரிய லீக்கான அமெரிக்கன் லீக்கின் நியூயார்க் அணியில். நேஷனல் லீக்கில் இருந்தவர் ஜயன்ட்ஸ் அணியின் லாரி டாயில். அன்றைக்கு, அதே ஊரில், ஆட்டக்காரர்கள் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தபோதே இரண்டு டாயில்களைக் குழப்பிவிட்டார்கள் என்றால், நூறாண்டு கழித்து நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஸ்வீனி என்று மட்டும் எழுதிய 1910களின் படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாங்கீஸ் அணியின் கேட்ச்சர் எட் ஸ்வீனி 1908 முதல் 1915 வரை அங்கே ஆடினார். பாஸ்டன் நேஷனல் லீக் அணியில் பில் ஸ்வீனி 1907 முதல் 1913 வரை உள்களத்தில் ஆடினார். பின்னணி போலோ கிரவுண்ட்ஸ் என்று கண்டுபிடித்தாலும் இருவரில் ஒருவரை அது நீக்காது. 1913-இல் அது எட் ஸ்வீனிக்குச் சொந்த மைதானம், ஜயன்ட்ஸை எதிர்க்க வந்த பில் ஸ்வீனிக்கு விருந்தாளி மைதானம். இங்கே தீர்ப்பு சொல்வது சீருடையும் கருவியும்தான். பின்னிய 'என்ஒய்' எழுத்து, கேட்ச்சரின் பருத்த கையுறை ஆகியவை எட் ஸ்வீனி பக்கம். அவை இல்லாமை பில் ஸ்வீனி பக்கம். அதே காலத்தில் 'ரெட் ஸ்மித்' என்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் புரூக்ளினிலும் பாஸ்டனிலும் மூன்றாம் பேஸில் ஆடியவர், மற்றவர் பிட்ஸ்பர்க் கேட்ச்சர்.

பெய்ன் நெகட்டிவ்களின் எண் வரிசை தேதி கணிக்க உதவும். அடுத்தடுத்த எண்களில் உள்ள, தேதி உறுதியான படங்களைத் தேடுங்கள். அதே நாள், அதே அணி, அதே நிழல் என்று ஒரு தொகுதியே கிடைக்கும். ஆனால் வரிசை எப்போதும் காலவரிசையாக இருப்பதில்லை, எனவே இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

முகம்: காதில் தொடங்குங்கள்

பட்டியல் ஐந்தாறு பேராகச் சுருங்கியதும் ஒவ்வொருவருக்கும் பெயர் உறுதியான ஒப்பீட்டுப் படங்களைச் சேருங்கள். ஒன்று போதாது, வெவ்வேறு கோணங்களில் மூன்றேனும் வேண்டும், அவை வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். ஒரே தவறான படம் பத்து இடங்களில் பிரதியாகியிருந்தால் அது ஒரு சாட்சிதான். ஸ்பால்டிங், ரீச் ஆண்டுக் கையேடுகளின் அணிப்படங்களில் முகங்களுக்குக் கீழ் எண்ணும், அடியில் பெயரும் இருப்பதால் சிறிய லீக் ஆட்டக்காரர்களுக்கும் ஒப்பீடு கிடைக்கும். நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பு 19ஆம் நூற்றாண்டுக்கும், சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தின் 'டெய்லி நியூஸ்' நெகட்டிவ்கள் 1900-க்குப் பிந்தைய சிகாகோ ஆட்டங்களுக்கும் நல்லவை. 1887 முதல் 1890 வரை வந்த ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் அட்டைகள் ஸ்டுடியோவில் நூலில் தொங்கும் பந்தோடு எடுத்த உண்மைப் புகைப்படங்கள். 500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அவற்றில் உண்டு. ஆனால் அட்டையின் பெயரையும் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர்களுக்குத் தொழில்முறைப் படமே இருக்காது. அவர்களைக் கல்லூரியில் தேடுங்கள். 1879 ஜூன் 21 அன்று பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காக ஒரே ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வர்ட் வைட், அடிமையாக இருந்த தாய்க்கு ஜார்ஜியாவில் பிறந்தவர். பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியபோது, முகம் பார்க்கக் கிடைத்தது அந்த ஆண்டு பிரவுன் பல்கலைக்கழக அணிப்படம்தான்.

ஒப்பிடும் முறை இது. இரண்டு படங்களிலும் தலை ஏறத்தாழ ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சமமாகும்படி அளவை மாற்றி, கண்கோடு கிடைமட்டமாகும்படி சுழற்றி, பக்கத்தில் பக்கம் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை மங்கலாக ஏற்றிப் பார்ப்பது வசீகரமானது, ஆனால் ஏமாற்றும். எந்த இரண்டு முகத்தையும் கண்ணும் வாயும் பொருந்தும்படி இழுத்துவிட முடியும்.

பிறகு காது. 1880களில் பாரிஸ் காவல்துறையில் பெர்ட்டியோன் குற்றவாளிகளைப் பதிவுசெய்தபோதே காதைத் தனியாக வகைப்படுத்தினார். மனிதருக்கு மனிதர் அவ்வளவு வேறுபடும் உறுப்பு அது. வெளி மடிப்பு மேலே தடித்து மடிகிறதா, தட்டையாக விரிகிறதா. அதற்குள் உள்ள இரண்டாவது மடிப்பு எங்கே இரண்டாகப் பிரிகிறது. காதுத் துளைக்கு முன்னுள்ள குருத்துமுனை கூர்மையா, மழுங்கலா. அதற்குக் கீழே உள்ள பிளவு குறுகலா, அகலமா. காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தனியே தொங்குகிறதா. காதின் மேல்முனை புருவத்துக்கு எந்த உயரத்தில் இருக்கிறது. இந்த ஆறையும் எழுதி ஒப்பிடுங்கள். வயதாக ஆகச் சோணை நீளும், மூக்கும் சற்று வளரும். மடிப்புகளின் அமைப்பு மாறாது. இடது காதை இடது காதோடு மட்டும் ஒப்பிட வேண்டும். படம் புரண்டிருந்தால் இங்கேயும் தவறு நுழையும்.

அதற்குப் பின் முன்நெற்றி முடிக்கோட்டின் வடிவம், புருவத்தின் வளைவு, மூக்குத் தண்டின் உடைவு, மேலுதட்டு மையப் பள்ளம், தாடைக் குழி. மூக்கு உடைவது இந்த ஆட்டத்தில் சகஜம். நேரான மூக்கு பின்னால் வளையலாம், வளைந்தது தானாக நேராகாது. முடி, மீசை, உடல் பருமன் ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணே கொடுக்காதீர்கள். ஸ்டுடியோ படங்களில் கைத்திருத்தம் செய்து சுருக்கங்களை அழித்திருப்பார்கள். செய்தித்தாள் பிரதிகளில் காதின் விளிம்பையே தூரிகையால் வரைந்திருப்பார்கள். அப்படிப்பட்டவற்றை ஒப்பீட்டுக்கு எடுக்கக் கூடாது.

இந்த வேலையின் அடிப்படை விதி: பத்து ஒற்றுமைகள் ஒருவரைப் பட்டியலில் வைத்திருக்கின்றன, விளக்க முடியாத ஒரே ஒரு வேற்றுமை அவரை வெளியேற்றிவிடுகிறது. சோணை ஒட்டிய காதும் தொங்கும் காதும் ஒரே கோணத்தில், தெளிவாகத் தெரிந்தால், மீதி எல்லாம் எவ்வளவு ஒத்திருந்தாலும் அவர் இவர் இல்லை. 1840களின் நியூயார்க் பேஸ்பால் கிளப்பான நிக்கர்பாக்கரின் முன்னோடிகள் என்றும், அவர்களில் அதன் நிறுவனர்களில் ஒருவரான அலெக்சாண்டர் கார்ட்ரைட் இருக்கிறார் என்றும் பல பத்தாண்டுகள் சொல்லப்பட்ட ஆறு பேர் டேகுரோடைப் மீதும் இப்படி முக அம்சங்களை ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் கடும் கேள்வி எழுப்பினார்கள். முகம் காணும் மென்பொருள்கள் தரும் சதவீதத்தைத் தேடலுக்கு ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளலாம். மங்கலான, திருத்திய, ஒரே பக்க ஒளியில் எடுத்த படங்களில் அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

ஆளைப் பற்றிய காகிதங்கள்

முகம் இழுபறியாக நின்றால் அரசு ஆவணங்கள் உதவும். முதல் உலகப் போருக்கான ராணுவப் பதிவு அட்டைகள் 1917 ஜூன் 5 முதல் 1918 செப்டம்பர் 12 வரை நிரப்பப்பட்டவை. உயரம், உடல்வாகு, கண் நிறம், முடி நிறம், தொழில், முதலாளி எல்லாம் இருக்கும். தொழிலில் "பந்தாட்டக்காரர்", முதலாளியில் கிளப் பெயர் என்று எழுதியவர்கள் உண்டு. முன்பு குறித்துவைத்த வெளிறிய கண்ணை இங்கே சரிபாருங்கள். வெளிநாடு போனவர் என்றால் 1914 இறுதிக்குப் பிந்தைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் புகைப்படமே ஒட்டியிருக்கும். பெயர் தெரியாத சிறிய ஆட்டக்காரர்களுக்கு இது பொக்கிஷம்.

சுற்றுப்பயணப் படங்களையும் மறக்க வேண்டாம். விளையாட்டுப் பொருள் வணிகரான ஆல்பர்ட் ஸ்பால்டிங் அழைத்துச் சென்ற இரண்டு அணிகள் 1889 ஜனவரியில் கொழும்பில் ஆடிவிட்டு, பிப்ரவரியில் எகிப்தின் ஸ்பிங்ஸ் முன் நின்று படம் எடுத்துக்கொண்டன. பயணத்தில் யார் யார் போனார்கள் என்ற பட்டியல் மூடியது, புதிதாக எவரும் நடுவில் சேர முடியாது. அதனால் அப்படிப்பட்ட குழுப்படங்களில் ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போய் கடைசி ஆளை அடையாளம் காண்பது சாத்தியம். சாதாரண அணிப்படத்தில் இந்த நீக்கல் முறையைப் பயன்படுத்தும்போது, பட்டியலில் இல்லாத ஒருவர் நிற்கிறாரா என்ற கேள்வி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

முடிவைப் பதிவு செய்தல்

மூன்று நிலைகள் போதும்: உறுதி, பெரும்பாலும், கூடும். உறுதி என்று எழுத, சூழல் சாட்சி, முகச் சாட்சி இரண்டும் தனித்தனியே அதே பெயருக்கு வர வேண்டும், மற்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவரும் ஏன் நீக்கப்பட்டார் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். முகம் மட்டும் பொருந்தி ஆண்டும் அணியும் தெரியவில்லை என்றால் "கூடும்" என்பதற்கு மேல் போகாதீர்கள். எதை எதோடு ஒப்பிட்டீர்கள், அந்த ஒப்பீட்டுப் படம் எந்த நூலகத்தின் எந்த எண் என்பதையும் எழுதுங்கள். பின்னால் அந்த ஒப்பீட்டுப் படமே தவறென்று தெரிந்தால், அதன்மேல் கட்டிய அடையாளங்களைத் தேடிப்பிடிக்க இதைத் தவிர வேறு வழி இல்லை.

சேபர் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தில் பட வரலாற்றுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. வேறு கண்கள் பார்க்க அங்கே அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் ஊகத்தை முதலில் சொல்லாமல், படத்தையும் வேட்பாளர் பட்டியலையும் மட்டும் கொடுத்துக் கேளுங்கள். நூலகப் படம் என்றால் அதன் நிலையான எண்ணோடு நூலகத்துக்கே எழுதலாம். காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் பெய்ன் படங்களை ஃப்ளிக்கர் காமன்ஸ் என்ற இணையப் படத் தளத்தில் ஏற்றியதிலிருந்து, சரிபார்த்த திருத்தங்களைத் தன் பதிவில் யார் வழியாக, எந்த ஆண்டு வந்தது என்ற குறிப்போடு சேர்த்துவருகிறது. நெகட்டிவில் இருந்த பழைய தலைப்பை அழிப்பதில்லை. உங்கள் சொந்தப் பதிவிலும் அப்படியே செய்யுங்கள்: பின்புறம் இருந்த தவறான பெயரை எழுத்துப் பிழையோடு அப்படியே படியெடுத்து, அதன் கீழே புதிய பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.